பாத்தியில் இருந்த ஈரம்

செவ்வந்தியின் வாய்க்கு அந்தத் தெருவே பயந்தது. மணலூர்பேட்டைக்குக் கிழக்கே, பெண்ணையாற்றை ஒட்டிய சின்ன ஊர். கரும்புத் தோகை வேய்ந்த வீடுகள் வரிசையாக நிற்கும் ஒற்றைத் தெரு. மற்றவர்கள் கொல்லையில் ஆடு புகுந்து மேய்ந்தாலும் நாலு வார்த்தையோடு போய்விடும். செவ்வந்தியின் கொல்லையில் கோழி கால் வைத்தால்கூட அன்றைக்கு ஊருக்கே கச்சேரிதான். இத்தனைக்கும் அங்கே பெரிய தோட்டம் துரவு ஒன்றும் இல்லை. புழக்கடைக் கதவைத் திறந்தால் இரண்டு கட்டில் போடுகிற அகலத்துக்கு ஒரு பாத்தி. அதில் தூதுவளை, ஆடாதொடை, கற்பூரவல்லி, துளசி, ஓரத்தில் ஒரு நொச்சி. அவ்வளவுதான்.

அவள் புருஷன் மாயவனுக்கு இழுப்பு. அதை மறைத்துத்தான் அவளைக் கட்டிவைத்தார்கள். கலியாணமான முதல் மாசமே, கரும்பு வெட்டிவிட்டு வந்தவன் பாயில் குந்திக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்தாள். பிறந்த வீட்டுக்குப் போய் அழவில்லை. எங்கிருந்தோ ஓர் ஆடாதொடைக் குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து கொல்லையில் நட்டாள். அவர்கள் குடித்தனம் அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு கோகிலவாணி பிறந்தாள், குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தது, பாத்தியும் ஒவ்வொரு செடியாக நிறைந்தது. தெருவில் யாருக்குச் சளி, இருமல் என்றாலும் செவ்வந்தியிடம்தான் வருவார்கள். கேட்டால் கை நிறையக் கிள்ளிக் கொடுப்பாள். கேட்காமல் ஓர் இலையைத் தொட்டவர்கள் தொலைந்தார்கள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் ஒருமுறை அவசரத்துக்கு நாலு துளசியைக் கிள்ளிவிட்டு, வாரக்கணக்கில் வசவு வாங்கினாள். அதற்கப்புறம் அந்தப் பாத்திப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று எல்லாரிடமும் சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

எண்பத்தேழாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆடி போய், ஆவணி போய், புரட்டாசி பிறந்தும் சித்திரை வெயிலே காய்ந்தது. ஆற்றில் வெறும் மணல். தெருவில் எந்தக் கொல்லையிலும் பச்சை கிடையாது, செவ்வந்தியின் பாத்தியைத் தவிர. அது சும்மா பச்சையாக நிற்கவில்லை. பொழுது கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, சாய்ந்த பிறகு ஒரு தடவை வேர் பார்த்துத் தண்ணீர் விடவேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. மண் காயாமல் இருக்கத் தோகையைப் பரப்பி மூடவேண்டும். உச்சி வெயிலுக்குத் தென்னங்கீற்றில் சாய்ப்பு. ஓட்டைப் பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, ஓட்டையில் துணியைத் திரித்துச் செருகியிருந்தாள். அதில் தண்ணீர் நிரப்பிவிட்டால் கசிந்து கசிந்து தூதுவளைக்குப் போகும். துளசி கதிர் விட்டால் உடனே கிள்ளிவிடவேண்டும், இல்லாவிட்டால் முற்றிக் காய்ந்துவிடும்.

இந்த வேலையில் பாதி மாயவனுடையது. வேலை பாதி, வசவு முழுசு.

"யோவ், வெயில் ஏறனப்புறம் தழ மேல ஊத்திக்கினு கீறியே, அது இன்னா தல முழுவப் போவுதா? வேருல ஊத்துய்யா!"

மாயவன் சிரிப்பான். அவனுக்குக் கோபமே வராது. டீக்கடையில் கிண்டல் செய்கிறவர்களிடம், "அவ திட்டறது எனக்குக் கடிகாரம் மாதிரி. அது நின்னு போனா எனக்குப் பொழுது தெரியாது" என்பான். செவ்வந்தி அதைக் கேட்டுவிட்டு அதற்கும் திட்டுவாள்.

அந்தப் புரட்டாசியில்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாதிச் சங்கத்துக்காரர்கள் சாலை மறியல் அறிவித்தார்கள். வாரம் முழுக்க எந்த வண்டியும் ஓடக்கூடாது என்றார்கள். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். மறித்தவர்களும் இல்லாதப்பட்டவர்கள், மறியலில் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் தவித்தவர்களும் இல்லாதப்பட்டவர்கள். மாயவனுக்குக் கோடாலி பிடிக்க மூச்சு ஏது? மரத்தைச் சாய்க்கக் கயிறு பிடித்து இழுத்த கும்பலில் ஒருவனாக நின்றான்.

"நீ எதுக்குய்யா போன? உனுக்கு இன்னா கேடு?" என்று செவ்வந்தி கத்தினாள்.

"எனக்கா? நான் இன்னா இந்த வயசுல கலெக்டர் ஆபீசுக்கா போவப்போறேன். கோகிலா ஒரு டீச்சர் வேலைக்காவது போவணும்ல?"

அதைக் கேட்டு இன்னும் உரக்கத் திட்டினாள்.

பிறகு போலீஸ் வந்தது. பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு, சாவு என்று சேதி வந்துகொண்டிருந்தது. மரம் சாய்ந்த இடத்தில் நின்ற எல்லார் பேரையும் யாரோ சொல்லிவிட்டார்கள். தெரு ஆம்பளைகள் கிடைத்த லாரியில் தொற்றிக் கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து கல்வராயன் மலை ஏறிக் கரியாலூர்ப் பக்கம் மறைந்துகொண்டார்கள். மாயவனும் துண்டை உதறித் தோளில் போட்டான். செவ்வந்தி வாசலில் குறுக்கே நின்றாள். மலை ஏறினால் பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிடும். போலீஸ் பிடித்தாலும் அதே கதிதான். லாக்கப்பில் ஒரு ராத்திரி பீடிப் புகையிலும் அடியிலும் கிடந்தால் அவன் தாங்கமாட்டான். அது அவள் ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

அதனால் அவனை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டினாள். முன்கதவுக்கு வெளியே பூட்டு. புழக்கடைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். குடங்களில் குடிதண்ணீர், சட்டியில் கஞ்சி, இருமல் வந்தால் வாயில் அமுக்கிக்கொள்ளப் பழந்துணி. மாயவனும் மலைக்குப் போய்விட்டான் என்று தெருவில் சொன்னாள். கொளஞ்சியம்மாளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தாண்டை அக்கா பெரியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். பாதித் தெரு அப்படித்தான் பூட்டிக் கிடந்தது.

தினமும் விடியலில் ஆற்று மணலைக் கடந்து வருவாள். ஊரறியப் பாத்திக்குத் தண்ணீர் விடுவாள். ஆடாதொடைத் தழையைக் கிள்ளி, கஞ்சியோடு சேர்த்துப் புழக்கடைக் கதவிடுக்கில் உள்ளே தள்ளுவாள். போலீஸ்காரர்களும் பார்த்தார்கள். பைத்தியக்காரி, புருஷன் ஓடிப்போன நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ஆம்பளைகளை வரவழைக்கப் பெண்களைப் பிடித்துக்கொண்டு போய் உட்காரவைக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பெரியம்மாள் காலைக் கட்டிக்கொண்டாள். "ரெண்டு நாளு போவாதடி. உன்னையும் புடிச்சிக்கினு போய்ட்டா இந்தப் பொண்ண யாரு பாக்கறது?"

செவ்வந்தி கடைசியாக ஒருமுறை வந்தாள். கதவிடுக்கில் வாயை வைத்து, "நான் ரெண்டு மூணு நாளு வர முடியாது. வெளிய தல நீட்டாத. இருமல் வந்தா துணிய அமுக்கிக்கோ" என்றாள்.

"சரி."

"சரி சரின்ற. வந்து பாக்கும்போது செடிங்க மட்டும் காஞ்சி கெடந்துது, அப்புறம் கீது உனுக்கு."

உள்ளே அவன் மெல்லச் சிரித்தது கேட்டது. பழக்க தோஷத்தில் வந்த வார்த்தைதான் அது. தலை நீட்டாதே என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் செடி காயக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது அந்த நேரத்தில் அவள் புத்தியில் படவில்லை. அன்பாக ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு அப்படித்தான் வரும், வேறு மாதிரி வராது.

மூன்றாம் நாள் உச்சியில் சேதி வந்தது. மணல் கொதிக்கும் நேரம். செவ்வந்தி செருப்புகூடப் போடாமல் ஆற்றைக் கடந்து ஓடினாள். முன்கதவுப் பூட்டு அப்படியே தொங்கியது. புழக்கடைக் கதவு பெயர்ந்து கிடந்தது. நடந்ததைக் கொளஞ்சியம்மாள் அழுதுகொண்டே சொன்னாள்.

காலையில் போலீஸ் வந்து ஒவ்வொரு கொல்லையாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறது. எல்லாம் காய்ந்த கொல்லைகள். செவ்வந்தி வீட்டுக் கொல்லையில் ஓர் ஏட்டு மட்டும் நின்றுவிட்டார். அவரும் எங்கோ விவசாயி வீட்டுப் பிள்ளையாக இருக்கவேண்டும். லத்தியால் தோகையை ஒதுக்கி, குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டார்.

"யாரும்மா இதுக்குத் தண்ணி ஊத்தினது?"

நான்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். ஆனால் அந்தப் பாத்தியைப் பற்றி யார் கேட்டாலும் கொளஞ்சியம்மாள் வாயில் ஒரே பதில்தான் பழகியிருந்தது.

"ஐயோ, நான் இல்லீங்க சார்! அந்தப் பக்கமே நான் போறதில்லீங்க. ஒரு தழயக்கூட தொடல. தொட்டேன்னு தெரிஞ்சா அவ என்ன உயிரோட வுடமாட்டா!"

"அவன்னா யாரு? எங்க அவ?"

"ஆத்துக்கு அந்தாண்ட அக்கா வூட்ல கீறாங்க. இங்க வந்து மூணு நாளாவுது."

ஏட்டு ஈரக் கையை உதறினார். "அப்ப பூட்டின வூட்டுக் கொல்லையில இன்னிக்குத் தண்ணி ஊத்தினது யாரு?"

அதற்கு மேல் அவர் யாரையும் கேட்கவில்லை. கதவை உதைத்தார்கள். மாயவன் மூலையில் வாயில் துணியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். கொல்லையில் இருந்த அடிபம்பை அடித்தால் சத்தம் கேட்கும் என்று குடிதண்ணீரையே கொண்டுபோய் ஊற்றியிருக்கிறான். குடங்கள் எல்லாம் காலி. வேனில் ஏற்றும்போது உதடு வெடித்து, பேச நாக்கு எழவில்லை என்றாள் கொளஞ்சியம்மாள்.

"உள்ள அவன் கீறான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான்தான் ஊத்தினேன்னு சொல்லியிருப்பேனேடி பாவி!"

செவ்வந்தி அவளை அடிக்கப்போகிறாள் என்று தெருவே காத்து நின்றது. அவள் பாத்தியோரம் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் வேரில்தான் விழுந்திருந்தது. ஒரு தழையில்கூடத் தண்ணீர்க் கறை இல்லை. ஊற்றிவிட்டுத் தோகையைத் திரும்பப் பரப்பியிருந்தான். புதைத்த பானை நிறைந்திருந்தது. துளசியில் கதிர் எல்லாம் கிள்ளியிருந்தது. வருஷக்கணக்கில் அவள் கத்தியதில் ஒன்றைக்கூட அவன் விடவில்லை. அதைப் பார்த்த பிறகு அவள் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும்.

தழையைக் கசக்கிச் சாறு பிழிந்து தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள். உள்ளே விடவில்லை. இருமல் சத்தம் மட்டும் கேட்டது. அது அவனுடையதுதானா என்று காதைத் தீட்டிக்கொண்டு வெயில் சாய்கிறவரை நின்றாள். பிறகு அவனைத் தூரத்து ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தை மாசம் ஜாமீனில் வந்தான். போனவனில் பாதிதான் வந்தான். வாசலிலிருந்து கட்டிலுக்கு நடக்க இரண்டு இடத்தில் உட்காரவேண்டியிருந்தது. நெஞ்சுக்கூடு குழி விழுந்து, பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. குத்தகை நிலம் கைவிட்டுப் போனது. செவ்வந்தி ஊரார் வயலில் கூலிக்குப் போனாள். சங்கத்துக்காரர்கள் வந்து சால்வை போர்த்திப் போராளி என்றார்கள். மாயவன் சால்வையை மடித்து மகளிடம் கொடுத்தான்.

செவ்வந்தி மாறிப்போயிருந்தாள். கோழி பாத்தியைக் கிளறினால் சும்மா விரட்டிவிட்டு உள்ளே போனாள். யார் தழை பறித்தாலும் கேட்பதில்லை. மாயவனுக்கு வேளாவேளைக்குச் சாறு கொடுத்தாள், முதுகு தேய்த்துவிட்டாள், கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். அவன் கஞ்சியைக் கொட்டிக்கொண்டாலும் பேசாமல் துடைத்தாள். இந்த வாயைத் திறந்துதானே அவனைப் பிடித்துக் கொடுத்தோம் என்று தனக்குள் ஒரு தீர்மானம் செய்திருந்தாள். கொளஞ்சியம்மாள் பயந்ததும் இந்த வாய்க்குத்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்: பாரு, எப்படிப்பட்ட வாய், புருஷனுக்கு ஒன்று என்றதும் எப்படி அடங்கிவிட்டாள். ஊருக்கு என்ன, பேசிக்கொண்டே இருக்கும்.

சித்திரை வந்தது. போன புரட்டாசி வெயிலெல்லாம் அதன் கால்தூசுக்கு ஆகாது. செவ்வந்தி விடியலில் கூலிக்குப் போகிறவள், பொழுது சாயத்தான் வருவாள். சாயங்காலத் தண்ணீரை ஊற்றுவது மட்டும் மாயவன் பொறுப்பு. கட்டிலைப் பாத்தியோரம் போட்டு, பக்கத்தில் தண்ணீர்க் குடமும் சொம்பும் வைத்துவிட்டுப் போவாள். எட்டிச் சாய்த்தாலே போதும்.

ஒரு நாள் வந்தபோது தூதுவளை துவண்டு கிடந்தது. குடம் தளும்ப அப்படியே இருந்தது. முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தானே ஊற்றினாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஆடாதொடையே கருகிச் சுருண்டிருந்தது. அவனுக்கு உயிர்மூச்சே அந்தத் தழைதான். மேலே இருந்த கீற்றுச் சாய்ப்பும் சரிந்து கிடந்தது. செவ்வந்தி ஒன்றும் சொல்லாமல் கீற்றைத் தூக்கிக் கட்டப் போனாள்.

"வேணும்னுதான் ஊத்தல" என்றான் மாயவன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கீத்தையும் நான்தான் இழுத்துப் போட்டேன். நீ திட்டுவ, திட்டுவன்னு மூணு நாளா பாத்துக்கினு கெடக்கறேன்." மூச்சு வாங்கினான். "ஒரு வார்த்த திட்ட மாட்டேன்றியேடி. சாவப்போறவன இன்னாத்துக்குத் திட்டணும்னு வுட்டுட்டியா?"

"இன்னாய்யா பேசற?"

"ஆஸ்பத்திரில டாக்டரு கைய விரிச்சவன, எல்லாரும் இப்பிடித்தான் பாப்பாங்க. எது கொட்டினாலும் தொடச்சிட்டுப் போவாங்க. நீயும் அப்பிடித்தான் பாக்கற. வந்த நாள்லேருந்து நான் செத்தவனாதான் இந்தக் கட்டுல்ல கெடக்கறேன்."

செவ்வந்தி கீற்றை அப்படியே போட்டுவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை மாசமாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது.

"இந்த வாய்தான்யா உன்னப் புடிச்சிக் குடுத்துச்சு. செடி காயக்கூடாதுன்னு நான்தான சொன்னேன். குடிக்கிற தண்ணியக்கூட ஊத்தினியே. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உன்னத் திட்டுவேன்?"

மாயவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஒன்று அவள் மனசில் இருக்கும் என்று அவன் நினைத்தே பார்த்திருக்கமாட்டான்.

"அட போடி" என்றான். "நீ சொன்னதுக்கா ஊத்தினேன்? உள்ள புழுக்கம் தாங்கல. காத்தாட வெளிய வந்தேன். குடிக்க எடுத்தாந்த குடம் கை நழுவிப் பாத்தியில கொட்டிப் போச்சு. அவ்ளோதான். உன் பேச்ச யாரு கேட்டா?"

அது பொய். கை நழுவிக் கொட்டிய தண்ணீர் துளசிக் கதிரைக் கிள்ளாது, தோகையைப் பரப்பிவிட்டும் போகாது. அவளுக்கு அது தெரியும். தனக்காக, மூச்சு இல்லாத நேரத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பொய் சொல்கிறான் என்றதும் அவளுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை.

"யோவ்! யாருகிட்டய்யா பொய் சொல்ற? நான் கண்ணால பாக்கல? கதிரக் கிள்ளினது உங்கப்பனா?" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தது நிற்கவில்லை. கயிறு பிடிக்கப் போனதற்குத் திட்டினாள், தண்ணீர் குடிக்காமல் நாக்கு வறண்டு கிடந்ததற்குத் திட்டினாள், இழுப்பை மறைத்துக் கட்டிவைத்த அவன் மாமன்மாரைத் திட்டினாள், ஆடாதொடையைக் கருகவிட்டதற்கு மட்டும் தனியாக ஒரு பாட்டம் திட்டினாள். தெருவில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கொளஞ்சியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாயவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். அவள் ஓய்ந்ததும், "கஞ்சி இருந்தா குடு" என்றான். அன்றைக்குக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

அதற்கப்புறம் அவள் தினமும் திட்டினாள். ஆனால் நாட்கள் அதிகம் இல்லை. வைகாசி பாதியில், பகல் வெயிலில், சாறு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூச்சு நின்றது. அவன்மேல் போட்டிருந்த வழக்கு பிற்பாடு தள்ளுபடியானது. கேட்ட ஒதுக்கீடும் பிற்பாடு வந்தது. ஊரில் அதையெல்லாம் அவளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள், அவளும் சரி என்று தலையாட்டினாள்.

செடி காயக்கூடாது என்று சொன்னதை அவள் ஒருவழியாகச் செரித்துக்கொண்டாள். அது அவர்கள் இருவருக்குள் உள்ள பேச்சு. அவனே மன்னித்துவிட்டுப் போனான். ஜெயிலிலிருந்து வந்தவனைத் தையிலிருந்து சித்திரை வரைக்கும் ஒரு வார்த்தை திட்டாமல் விட்டோமே, அத்தனை மாசமும் அவன் தன்னைச் செத்தவனாக நினைத்துக்கொண்டே அந்தக் கட்டிலில் கிடந்தானே என்பதைத்தான் அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை.